காசு தமிழ், ‘கேசு’ தமிழா?

தமிழின் தொன்மையையும், அதன் சொற்கள் உலக மொழிகளில் பரவியுள்ள பரப்பையும் எடுத்துரைக்கும் மேடைகளில் ஒரு கூற்று அடிக்கடி முழங்கக் கேட்கலாம். ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் ‘கேசு’ என்னும் சொல் தமிழ்க் ‘காசு’ என்பதன் திரிபே என்பது அது. கேட்போர் கைதட்டுகின்றனர். கைதட்டியவர்கள் கூட்டம் முடிந்து கடைக்குச் சென்று, ‘கேசா, கார்டா’ என்று கடைக்காரர் வினவ, ‘கேசு’ என்று விடைகூறிப் பொருளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். காசு தமிழ் என்பதில் பெருமை. அதைக் காசு என்று வாயாற் சொல்வதில் மட்டும் கூச்சம்!

இக்கூத்து ஒருபுறம் நிற்க. முழங்கப்பெறும் அக்கூற்று மெய்தானா என்பதே முதற்கண் ஆராயத் தக்கது. அதில் பாதி மெய், பாதி பிழை. முழுப் பொய்யை எவரும் எளிதில் தள்ளிவிடுவர். பாதி மெய்யோ அவ்வாறன்று. அதன் பிழைப் பகுதி மறுப்பார் கையில் அகப்பட்டால், மெய்ப் பகுதியும் அதனோடு சேர்த்தே குப்பையில் எறியப்படும். ‘ஒலி சற்றே ஒத்துவிட்டால் போதும், உலகச் சொற்களையெல்லாம் தமிழென்று சாதிப்பார்கள்’ என்று தமிழ்ச் சொல்லாய்வையே எள்ளி நகையாடுவோர் எத்தனையோ பேர். அவர்களுக்குப் படைக்கலம் வடித்துக் கொடுக்கும் தொழிலைத் தமிழன்பர்களே மேற்கொள்ள வேண்டுவதில்லை. ஆகலின், எந்தப் பாதி மெய், எந்தப் பாதி பிழை என்பதை ஆய்ந்து தெளிதல் கடனாகின்றது.

ஆங்கிலத்தில் ‘கேசு’ என்பது ஒரு சொல்லன்று, இரண்டு சொற்கள். எழுத்துக் கூட்டும் ஒன்று, ஒலிப்பும் ஒன்று. பிறப்போ வேறு வேறு. ஆக்சுபோர்டுப் பேரகரமுதலி இவ்விரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே கொண்டு, ஒன்றை முதலாவதென்றும் மற்றதை இரண்டாவதென்றும் எண்ணிட்டுக் காட்டுகின்றது. தமிழில் ஆறு என்பது எண்ணுமாய் நீரோட்டமுமாய் நிற்பது போன்றதே இது. பொருள் விளங்காமல் இரண்டையும் ஒன்றெனக் கொள்வோன், ஆற்றைக் கடக்க ஆறு முறை நீந்த வேண்டும் என்று எண்ணுபவனை ஒப்பான்.

முதலாம் ‘கேசு’ இன்று உலகெங்கும் கைப்பணத்தைக் குறிப்பது. இதன் மூலம் பெட்டி. இலத்தீனில் ‘கப்சா’ என்றால் பெட்டி, பேழை. உரோமர் தம் சுருட்டேடுகளை இட்டு வைத்த உருளைவடிவப் பேழைக்கும் அப்பெயர் உண்டு. ‘கொள்ளுதல், பற்றுதல்’ எனப் பொருள்படும் ‘கப்பெரே’ என்னும் இலத்தீன் வினையினின்று பிறந்த பெயர் அது. அது இத்தாலியத்தில் ‘காசா’ எனவும், பிரெஞ்சில் ‘காசு’, ‘கெய்சு’ எனவும், போர்த்துகேயத்தில் ‘கைசா’ எனவும் திரிந்தது. இடைக்காலத்தில் கணக்கியலுக்கும் வட்டித் தொழிலுக்கும் ஆசான்களாக விளங்கியவர்கள் இத்தாலிய நகரத்து வணிகர். அவர்தம் கடையில் பணம் இருந்த பெட்டியும் ‘காசா’. ஏட்டில் அப்பெட்டியின் வரவுசெலவை எழுதிய கணக்கும் ‘காசா’. 1494இல் வெனிசு நகரில் அச்சான இலூக்கா பச்சோலியின் கணக்கு நூலில் இக்காசாக் கணக்கு விளக்கப்பட்டுள்ளது. பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்தின் மேல் ஏறிற்று. தமிழிலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ளார் சிரித்தனர் என்று பொருள்படுவது போலப் பெட்டி என்பது பெட்டியிலுள்ள பணமாயிற்று.

ஆங்கிலத்துள் இச்சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுழைந்தது. நுழைந்தபோது பெட்டி என்னும் பொருளும் உடன்வந்தது. 1611இல் வெளிவந்த காட்கிரேவு என்பாரின் பிரெஞ்சு ஆங்கில அகரமுதலி, ‘காசு’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பெட்டி, பேழை என்றெல்லாம் பொருள் கூறிவிட்டு, வணிகனின் ‘கேசு’ என்றும் பொருள் எழுதுகின்றது. அந்நாளில் ‘கேசு’ என்றால் பணம் போடும் பெட்டி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. காலத்தையும் கருதுக. இலண்டனில் கிழக்கிந்தியக் குழுமம் தோன்றியது 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில். அக்குழுமத்தார் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்தது 1611இல். சென்னையில் இடம் பெற்றது 1639இல். தமிழ் நிலத்து அங்காடியில் ஆங்கிலேய வணிகன் காலூன்றி, காசு என்னும் சொல்லைக் காதாற் கேட்பதற்கு முன்பே, அவன் வீட்டில் இச்சொல் பெட்டியாக இருந்தது. எனவே கைப்பணம் என்னும் பொருளுடைய ‘கேசு’ தமிழன்று. இதனை ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு ஓர் இழுக்கும் இல்லை.

வடவெழுத்தை விலக்கி எழுதும்போது, வழக்குமன்றக் ‘கேசு’ம் இதனோடு ஒன்றாகத் தோன்றுவது காண்க. ஆங்கிலத்தில் அது வேறு சொல். ‘வீழ்ச்சி, நேர்ச்சி’ என்னும் பொருளுடைய ‘காசுசு’ என்னும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. ஆனால் மூக்குக் கண்ணாடியை இட்டுவைக்கும் கூட்டினையும் ‘கேசு’ என்கின்றனரே, அது மேற்சொன்ன ‘கப்சா’வின் நேர்வழித் தோன்றல். மருந்துக் குளிகையின் உறையாகிய ‘கேப்சூல்’ என்பதும் அப்பேழையின் சிறுமகவே. வழக்கும் பேழையும் பணமும் தமிழ்நாட்டு வாய்களில் ‘கேசு’ என்னும் ஒரே ஒலியாய்க் கலந்து கிடப்பது, பிறன் சொல்லைக் கொண்டவன் அதன் பிறப்பறியாமல் கொண்டான் என்பதையே காட்டும்.

‘கப்பெரே’ என்பதே தமிழ்க் ‘கவ்வு’ என்பதன் உறவன்றோ என்று சிலர் இவ்விடத்தில் வினவக்கூடும். வினவுவது தவறன்று. ஆயினும் அது பல்லாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட மொழியுறவைப் பற்றிய வேறோர் ஆராய்ச்சி. அதற்குரிய சான்றுகளும் வேறு. 16ஆம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலச் சொல் எந்தக் கடைவழியாக எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்னும் கேள்விக்கு அது விடையாகாது. ஒலியொப்பும் பொருளொப்பும் மட்டும் போதா. சொல் சென்ற வழியும், சென்ற காலமும், கொண்டு சென்ற கையும் தெரிதல் வேண்டும். இம்மூன்றும் தெரிந்த சொல்லுக்கே அரியணை.

இம்மூன்றும் இனிது தெரிந்த சொல்தான் இரண்டாம் ‘கேசு’. கிழக்கு நாடுகளில் வழங்கிய சிறுமதிப்புக் காசுகளுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் அது. அதன் மூலம் தமிழ்க் காசே. கொண்டு சென்ற கை போர்த்துகேயருடையது. 1498இல் வாசுகோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தான். அடுத்த சில ஆண்டுகளில் மேலைக் கரையிலும் கீழைக் கரையிலும் துறைதோறும் அவர்கள் இறங்கினர். அங்காடிகளில் காசு என்னும் சொல் ஓயாது ஒலித்தது. அவர்கள் மொழியில் பெட்டிக்குப் பெயர் ‘கைசா’ என்பது முன்னரே கூறப்பட்டது. புதிதாகக் கேட்ட காசு என்னும் சொல்லை, முன்பே பழகிய அப்பெட்டிச் சொல்லின் வடிவில் அவர்கள் வார்த்தெடுத்தனர். காசும் அவர்கள் ஏட்டில் ‘கைசா’ ஆயிற்று. இரண்டு ஆறுகள் கலந்த இடம் இது. இலத்தீன் பேழையும் தமிழ்க் காசும் போர்த்துகேயர் நாவில் முதன்முதல் ஒரே வடிவு கொண்டன. ஆங்கிலத்தில் இவை மீண்டும் ஒரே எழுத்துக் கூட்டைப் பெற்றதற்கும், பின்னாளில் அறிஞரும் பொதுமக்களும் மயங்கியதற்கும் கரணியம் இதுவே.

சன்னல், சாவி, அலமாரி, மேசை என்று போர்த்துகேயர் தமிழர் வீட்டுக்குள் இறக்கிய சொற்கள் பல. அவர்கள் கொண்டு சென்ற இந்த ஒரு சொல்லோ நெடுந்தொலைவு நடந்தது. 1511இல் மலாக்காவை அவர்கள் கைப்பற்றினர். அங்கும் சாவகத்திலும் வழங்கிய, நடுவில் துளையிட்ட சீனச் செம்புக் காசுகளை அவர்கள் ‘கைசா’ என்றே அழைத்தனர். ஒல்லாந்தராகிய லின்சோட்டனின் செலவு நூல் 1598இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சுண்டா நாட்டில் ‘கைசா’ என்னும் செம்புக் காசன்றி வேறு காசு இல்லை என்றும், அவற்றை 200 கொண்ட கோவைகளாகக் கோத்து வைப்பர் என்றும் அந்நூல் கூறும். அவ்வழியே ஆங்கிலேயரும் சீனத்துக் காசைக் ‘கேசு’ என்றனர். சீனர் தம் மொழியில் அதனை அவ்வாறு அழைப்பதில்லை. அவர்கள் சொல் வேறு. வட்ட வடிவும் சதுரத் துளையும் கொண்ட அக்காசுகள் சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேல் வழங்கி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தன. இன்றும் உலகின் எந்த அருங்காட்சியகத்திலும் அவற்றின் கீழே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும் பெயர் ‘கேசு’. சீனப் பேரரசரின் காசைத் தமிழ்ச் சொல்லால் உலகம் அழைக்கின்றது! மேடையில் முழங்க வேண்டிய மெய்ச்செய்தி இதுவே. இதனை விடுத்து, இத்தாலியனின் பெட்டியைத் தமிழென்று இழுத்துவந்து நிறுத்துவானேன்?

சென்னையில் இச்சொல் ஆட்சிச் சொல்லாகவே வீற்றிருந்தது. கிழக்கிந்தியக் குழுமத்தின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. பணத்தையும் ஆங்கிலேயர் விடவில்லை. அது ‘பனம்’ எனத் திரிந்து, பகரம் மேல்பல் கீழுதடு பட ஒலிக்கும் எழுத்தாகி அவர்கள் ஏட்டில் ஏறிற்று. 1803இல் பர்மிங்காம் நகரின் அண்மையில் மேத்யூ போல்டன் என்பார் நடத்திய சோகோ அக்கசாலையில், நீராவிப் பொறிகொண்டு சென்னைக்கென 1 காசு, 5 காசு, 10 காசு, 20 காசு எனச் செம்புக் காசுகள் அடிக்கப்பெற்றன. ஒரு பக்கத்தில் குழுமத்தின் சின்னமும் ஆண்டும். மறுபக்கத்தில் பாரசீக எழுத்தில் ‘இருபது காசு நான்கு பலூசு’ என்னும் பொருள்பட ஒரு தொடரும், அதன்கீழ் உரோம எண்ணோடு ‘கேசு’ என்னும் ஆங்கில எழுத்தும். தமிழ்ச் சொல் ஒன்று ஒரே காசில் இருமுறை எழுதப்பட்டுள்ளது. ஒருமுறை பாரசீக எழுத்தில், ஒருமுறை உரோம எழுத்தில். தமிழ் மக்கள் கையாள அடித்த காசில் தமிழ் எழுத்து மட்டும் இல்லை. ஆள்வோர்க்கு அஃது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

அத்தகைய காசுகளை மரமிடாக்களில் அடைத்து ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்டினர்’ என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் கெண்டு கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் புயலால் மோதி முழுகிற்று. அதில் இருந்தவை 1808ஆம் ஆண்டிட்ட 10 காசும் 20 காசும். எடை ஏறத்தாழ 48 டன். 1980களில் முக்குளிப்போர் அவற்றை வெளிக்கொணர்ந்தனர். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்தும் அரக்கிட்டு மூடியவைபோல் பளபளப்புக் குன்றாத காசுகள் பல அவற்றுள் இருந்தன. காசு சேர்ப்பார் இன்றும் அவற்றைத் தேடி வாங்குகின்றனர். ஒரு தமிழ்ச் சொல் பொறித்த செம்பு, தமிழ்க்கரையைக் காணாமலே வட கடலில் புதைந்து கிடந்தது.

1818இல் சென்னை மாநிலத்தில் உருபாவே அளவைக் காசாக்கப்பட்டது. காசும் பணமும் வராகனும் ஆட்சிக் கணக்கினின்று விலகின. ஆயின் திருவிதாங்கூரில் காசு பின்னும் நெடுநாள் வாழ்ந்தது. அங்கு 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஓர் உருபா. 1949 வரை அக்கணக்கு நடந்தது. அக்காலத்தில் திருவிதாங்கூரின் பகுதியாயிருந்து, 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டத்து முதியோர் பலர் அச்சக்கரத்தையும் காசையும் கையாண்டவர்களே.

இனி, காசு தமிழே என்பதற்குச் சான்று எங்கே எனின், கழகக் காலத்திலேயே உளது. அள்ளூர் நன்முல்லையாரின் குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் (67), கிளியின் வளைந்த வாயில் உள்ள வேப்பம் பழத்துக்கு, பொற்கொல்லன் புதுநூலில் கோப்பதற்குக் கூர்நகத்தால் பற்றிய பொற்காசு உவமையாகின்றது. அதே நூலின் 148ஆம் பாட்டில் கொன்றை அரும்புக்குக் கிண்கிணியின் காசு உவமை. இவ்விரண்டிலும் காசு என்பது கடையில் கொடுத்து மாற்றும் பொருளாக இல்லை. அணியில் கோக்கும் உருண்ட மணியாகவே உள்ளது. வேப்பம் பழமும் கொன்றை அரும்பும் உவமையாதலின் அதன் வடிவும் விளங்கும். மணியாய்க் கோத்த பொன்துண்டு பின்னர் மாற்றுப் பொருளாயிற்று. இன்றும் காசுமாலை கழுத்தில் கிடக்கின்றது. காசு சட்டைப் பையில் கிடக்கின்றது. ஒரே சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அருகருகே வாழ்வது வேறெம்மொழியிலும் எளிதிற் காணக் கிடைப்பதன்று.

யாப்பிலும் காசு உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிதல் வேண்டும். ‘நாடு’ என முடியும் குறள்கள் எல்லாம் காசு என்னும் வாய்பாட்டில் முடிந்தனவே. பாட்டின் அளவைக்கே ஒரு சொல்லை எடுத்துக்காட்டாகக் கொள்வது, அச்சொல் எல்லார்க்கும் நன்கு பழகியிருந்தால் மட்டும் இயலும்.

திருவீழிமிழலை வரலாறு தமிழர் அறியாததன்று. வற்கடக் காலத்தில் அடியார்க்கு உணவிடும்பொருட்டு இறைவன் நாவுக்கரசருக்கும் ஞானசம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு அருளினான் என்பது பெரியபுராணம். நாவுக்கரசர் பெற்ற காசு கடைத்தெருவில் அப்படியே சென்றது; சம்பந்தர் பெற்ற காசுக்கு வணிகர் வட்டம் கேட்டனர். பிள்ளையார் அக்குறை தீர வேண்டிப் பதிகமே பாடிவிட்டார். இறைவன் கொடுத்த காசாயினும் மாற்றுக் குறைந்தால் வட்டம் கேட்டே தீருவான் தமிழ் வணிகன்! பத்திமைக்குக் குறையில்லாத அந்நாளிலேயே காசின் தரத்தை உரைத்துப் பார்க்கும் ஒழுங்கு எத்துணை வேரூன்றியிருந்தது என்பதற்கு இக்கதை ஒன்றே போதும்.

சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு, அன்றாடு நற்காசு எனக் காசின் வகைகள் பேசப்படுகின்றன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிற்பணத்தை ஊரவைகளுக்குக் கடனாகக் கொடுத்து, காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி பெற்றதைப் பொறித்து வைத்துள்ளன. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. பச்சோலியின் காசாக் கணக்குக்கு நானூற்றைம்பது ஆண்டுகட்கு மேல் முற்பட்ட காசுக் கணக்கு இது, அதுவும் கல்லில்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. 1886இல் வெளிவந்த ‘ஆப்சன் சாப்சன்’ என்னும் அகரமுதலியில் யூல், பர்னெல் என்னும் இருவர், ஆங்கிலக் ‘கேசு’ தமிழ்க் காசினின்று, அன்றேல் அதனையொத்த ஒரு கொங்கணி வடிவினின்று போர்த்துகேயர் வழியாக வந்ததென ஒப்புக்கொண்டு, அக்காசுக்கும் மூலமாக வடமொழிக் ‘கருசம்’ என்னும் எடைப்பெயரைக் காட்டினர். பர்னெல் தஞ்சையில் நடுவராயிருந்தவர். தமிழ்க் கல்வெட்டும் சுவடியும் பயின்றவர். எனினும் தமிழில் உள்ள எதற்கும் வடமொழியில் ஓர் ஊற்றைத் தேடுவது அக்கால அறிஞர்க்கு இயல்பாயிருந்தது. ‘கருசம்’ என்பது பொன், வெள்ளியின் ஒரு நிறை. தமிழ்க் காசின் பழம்பொருளோ நிறையன்று, கோக்கும் மணி. நிறைப்பெயர் எவ்வாறு கிண்கிணியின் மணியாயிற்று என்பதை அவர்கள் விளக்கவில்லை. தமிழில் மட்டுமன்றி, மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகிய உறவுமொழிகள் அனைத்திலும் காசு என்னும் வடிவமே ஒருபடியாக வழங்குகின்றது. இச்சான்றுகளை வைத்துக்கொண்டு தமிழர் அமைதியாக வழக்காடலாம், கூச்சலிட வேண்டுவதில்லை.

ஒலியொப்பை மட்டும் நம்பினால் விளையும் தீங்குக்கு இரண்டு காட்டுகள். ஆங்கிலத்தில் ‘கேசியர்’ என்னும் பெயர் பணம் வாங்கிக் கொடுப்போனைக் குறிக்கும். அது பெட்டிச் சொல்லின் வழிவந்தது. அதே எழுத்துக் கூட்டில் ‘கேசியர்’ என்னும் வினையும் உண்டு. படையலுவலனை இழிவுபடுத்திப் பணியினின்று நீக்குதல் அதன் பொருள். நீக்கப்பட்டவன் பணத்தைக் கையாடினான் போலும் என்று எண்ணத் தோன்றும். அவ்வினைக்கும் பணத்துக்கும் தொடர்பே இல்லை. ‘உடைத்தல், வெறுமையாக்கல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களினின்று ஒல்லாந்த மொழி வழியாக, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டுப் போருக்குச் சென்ற ஆங்கிலப் படையினர் கொண்டுவந்தது அது. சேக்சுபியரின் ‘ஒதெல்லோ’விலேயே ஆளப்பட்டுள்ளது. மற்றொன்று ‘கேசூ’ என்னும் முந்திரி. விலையுயர்ந்த பருப்பாதலின் காசினின்று வந்ததெனச் சிலர் கூறித் திரிகின்றனர். பிரேசில் நாட்டுத் தொல்குடியினரின் துப்பி மொழியில் அம்மரத்துக்கு ‘அக்காசூ’ எனப் பெயர். போர்த்துகேயர் அதனைக் ‘காசூ’ ஆக்கி, மரத்தையும் பெயரையும் ஒருங்கே கொணர்ந்தனர். தமிழர் அம்மரத்துக்கு முந்திரி எனத் தம் பெயரே இட்டுக்கொண்டனர். அம்முந்திரி என்னும் சொல் தமிழ்க் கணக்கில் 320இல் ஒரு பங்கையும் குறிக்கும் என்பது தனிக்கதை.

இனி நாட்டு நடப்புக்கு வருவோம் எனின், காசுக்கு மாற்றாகத் தமிழர் வாயில் புகுந்தது ஆங்கிலக் ‘கேசு’ மட்டுமன்று. ‘ரொக்கம்’ என்பதைத் தமிழெனவே பலர் கருதுகின்றனர். ரகரம் தமிழில் மொழிமுதல் வாராது என்னும் தொல்காப்பிய நெறி ஒன்றே அதனைக் காட்டிக்கொடுக்கும். ‘துட்டு’ என்பது ஒல்லாந்தரின் ‘தொய்ட்டு’ என்னும் செம்புக் காசு. ‘பைசா’ இந்தி. இவ்வாறு வந்தவையெல்லாம் அமர்ந்துகொள்ள, வீட்டுக்குரிய காசு ‘செல்லாக்காசு’ என்னும் வசைமொழியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை வந்துவிடுமோ என அஞ்ச வேண்டியுள்ளது.

கடல் கடந்த தமிழர் இதில் மேலானவர். ஈழத்தில் பணத்துக்கு அன்றாட வழக்கே காசுதான். கற்றோரும் மற்றோரும் கூசாது சொல்கின்றனர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வெள்ளியின் நூற்றிலொரு பங்குக்குக் காசு என்றே பெயர். சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தியில் விலை கூறும்போது இத்தனை வெள்ளி, இத்தனை காசு என்று படிப்பதைக் கேட்கலாம். ஓர் அரசின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகத் தமிழ் வீற்றிருக்கும் இடத்தில், அரசின் சிறுகாசுக்குக் குறுந்தொகைக் காலத்துச் சொல் வழங்குகின்றது.

தமிழ்நாட்டிலும் வெற்றி இல்லாமலில்லை. ‘செக்கு’ என்பதற்குக் காசோலை என்னும் சொல் ஆக்கப்பட்டபோது, இது வழக்கில் நிலைக்காது என்று ஏளனம் செய்தவர் உண்டு. இன்று வங்கிகளின் தமிழ்ப் படிவங்களில் காசோலையன்றி வேறு சொல் இல்லை. ‘கேசியர்’ அமரும் இடத்தில் காசாளர் என்னும் பலகை தொங்குகின்றது. இத்தாலியன் பெட்டியினின்று பிறந்த பெயரை அகற்றிவிட்டு, தமிழன் காசினின்று பிறந்த பெயர் அவ்விருக்கையில் அமர்ந்திருக்கின்றது. இம்மாற்றத்தைச் செய்தவர்கள் பெரும்பாலும் மேடை ஏறாதவர்கள். கலைச்சொல் குழுக்களிலும் வங்கிக் கிளைகளிலும் இருந்து அமைதியாகப் பணியாற்றியவர்கள்.

எஞ்சியுள்ள பணி கடைவணிகருடையது. கடைகளில் கொடுக்கும் விலைப்பட்டிகளில் ‘கேசு பில்’ என்றும் ‘கிரெடிட்டு பில்’ என்றும் அச்சிட்டிருப்பதைக் கைக்காசுப் பட்டி, கடன் பட்டி என்று மாற்றுவதற்கு ஓர் அச்சுக் கூலியன்றி வேறு செலவில்லை. பெயர்ப்பலகையில் தமிழ் வேண்டும் என்று போராடும் அன்பர்கள், அப்பலகையின் கீழே கல்லாவில் அமர்ந்து பட்டி எழுதும் கையையும் ஒருமுறை நோக்குதல் நன்று. ‘கேசா, கார்டா’ என்று கடைக்காரர் கேட்கும்போது ‘காசு’ என்று விடை கூறினால், அவருக்கு அது விளங்காமற் போவதில்லை.